கேரியர் இல்லாத சைக்கிள்

என் புருஷன் யாவ்-திங் அந்தச் சைக்கிளை வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு வந்தபோது, மற்றவர்கள் பார்ப்பதை நான் பார்க்கவில்லை. சாம்பல் கலந்த பச்சை நிறத்தையோ, ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பாரையோ பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கேரியர் இல்லை. பேருக்கு ஒரு கம்பிகூட இல்லை. சீட்டுக்குப் பின்னால் வெறும் காற்றுதான் இருந்தது.

"நான் எங்க உக்கார்றது?" என்று கேட்டேன்.

நான் வேடிக்கைக்குக் கேட்கிறேன் என்று நினைத்து அவன் சிரித்தான். "இது ரோடு சைக்கிள். ஒரு ஆள் போறதுக்குத்தான். தூக்கிப் பாரேன், ரெண்டு விரல் போதும்."

தூக்கிப் பார்த்தேன். காலிக் குடம் மாதிரி எழுந்து வந்தது. எனக்கு முதலில் பிடிக்காமல் போனது அந்த லேசுதான். ஒருத்தரிடமிருந்து நழுவிப் போக நினைக்கிறவன் தேடித் தேடி வாங்குகிற சாமான் இப்படித்தான் இருக்கும் என்று பட்டது.

நாங்கள் தைபேயை ஒட்டிய பான்ச்சியாவில் இருக்கிறோம், ஆற்றுக்கு இந்தப் பக்கம். இரண்டு பேருக்கும் வேலை அந்தப் பக்கம், குங்குவானில். அவன் ஒரு பேப்பர் மொத்தக் கடையில் ஆர்டர் எடுக்கிறான். நான் பல் செய்கிற இடத்தில் பல் செய்கிறேன். தைபேயில் யாராவது பளிச்சென்று சிரித்தால், அந்தச் சிரிப்பில் ஒன்றிரண்டு பல் என் கைவேலையாக இருக்கலாம். கல்யாணம் ஆன நாளிலிருந்து தினமும் காலையில் அவன் ஸ்கூட்டர் ஓட்டுவான், நான் பின்னால் உட்கார்ந்து போவேன். வீட்டில் நாங்கள் பேச முடியாது. அங்கே அத்தை இருக்கிறாள், அத்தையின் டிவி இருக்கிறது, இரண்டும் ஒரே சத்தத்தில் பேசும். சாயங்காலம் ஆளுக்கொரு நேரத்தில் வந்து ஆளுக்கொரு மூலையில் சாய்ந்துவிடுவோம். ஆகவே எங்கள் குடித்தனம் முழுக்க அந்த ஸ்கூட்டர் மேல்தான் நடந்தது. சண்டை போட்டது அங்கே, சமாதானம் ஆனது அங்கே. குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று பேசியதும், வேண்டாம், நாம் இரண்டு பேரே போதும் என்று முடிவு செய்ததும் அங்கேதான், ஒரு சிவப்பு விளக்கில். அவன் காற்றைப் பார்த்துக் கத்துவான், நான் அவன் முதுகைப் பார்த்துக் கத்துவேன். பேச்சு தீர்ந்ததும் அந்த முதுகிலேயே கன்னத்தை வைத்துக் கண் அசந்துவிடுவேன்.

இந்த வருஷம் வசந்த மழைக்குப் பிறகு அவன் வாய் மூடிக்கொண்டது. நான் பத்து வார்த்தை பேசினால் "ம்" என்பான். விளக்குக்கு விளக்கு "தூங்கிட்டியா?" என்று மட்டும் கேட்பான், பரீட்சை அறையில் மேற்பார்வை பார்க்கிற வாத்தியார் மாதிரி. எனக்கு எரிச்சலாக வரும். பிறகு ஒரு நாள், சாப்பாட்டின் நடுவில், மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னான்:

"இனிமே நீ மெட்ரோல போ. நான் சைக்கிள்ல போய்க்கிறேன். ஸ்கூட்டரை ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டாரு, குடுத்துட்டேன்."

"ஏன்?"

"உடம்புக்கு நல்லது."

யாருடைய உடம்புக்கு என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. நான் கேட்க நினைத்தது வேறு: இவனுக்கு நான் சலித்துவிட்டேனா? அதைக் கேட்டுவிட்டால் ஒரு பதில் வரும். அந்தப் பதிலுக்குத்தான் எனக்குப் பயம்.

சைக்கிள் வீட்டுக்கு வந்த நாளுக்கு வருகிறேன். அத்தை குளித்துவிட்டு வந்தாள், கூடத்தில் நின்ற சைக்கிளைப் பார்த்தாள், கையிலிருந்த துண்டைக் கீழே போட்டாள்.

"என்னடா இது? இன்னிக்கா கொண்டு வந்த?"

"அம்மா, அதெல்லாம் பாத்துத்தான் செஞ்சிருக்கேன்," என்றான் யாவ்-திங், மார்பை நிமிர்த்திக்கொண்டு. "கடைக்காரன் போன மாசமே வந்து எடுத்துக்கோன்னான். ஏழாம் மாசம் முடியட்டும்னு காத்திருந்து, இன்னிக்குத்தான் எடுத்தேன். உனக்காகத்தான்."

அத்தை சுவரில் தொங்கிய நாள்காட்டியின் அன்றைய தாளைப் பிய்த்துக்கொண்டு வந்து அவன் மூக்குக்கு முன்னால் பிடித்தாள்.

"இதப் படி."

படித்தான். அவன் காது சிவந்தது.

"ஆறு முடிஞ்சா ஏழுதானே?" என்றான், மெதுவாக.

"இந்த வருஷம் ஆறு முடிஞ்சா மறுபடியும் ஆறுடா, மடையா! நிலாக் கணக்கு சரியா வர்றதுக்கு ஆறாம் மாசம் ரெண்டு தடவை வந்துச்சு. ஊருக்கே தெரியும். நீ காத்திருந்தது நல்ல மாசத்துல. கொண்டு வந்தது கதவு தொறக்குற நாள்ல. இன்னிக்குத்தான் அந்த அண்ணன் தம்பிங்க எல்லாம் கீழ இருந்து கிளம்பி வர்றாங்க. வாசல்லயே வண்டியோட நின்னு வரவேற்ற மாதிரி இருக்கு!"

நிலாக் கணக்கில் ஏழாம் மாதம் பேய்களின் மாதம், கீழுலகக் கதவு திறந்து அவர்கள் வெளியே வருவார்கள். ஆனால் அத்தை அவர்களைப் பேய் என்று ஒருநாளும் சொல்ல மாட்டாள். இந்த மாதத்தில் அண்ணன் தம்பிகள்தான்.

"நான் அதெல்லாம் நம்புறதில்லம்மா."

"நீ நம்பாட்டி போ. அவங்க உன்னை நம்பி வந்துட்டா என்ன பண்ணுவ? மாசம் முடியுற வரைக்கும் ஒருத்தரும் இதுல கால் வைக்கக் கூடாது. முதல்ல யாரு ஓட்டுறாங்களோ, வர்ற கெடுதல் அவங்களுக்குத்தான்."

அதோடு அந்தச் சைக்கிளுக்குச் சிறைவாசம் ஆரம்பித்தது. அத்தை அதன் மேல் ஒரு சிவப்புத் துணியைப் போர்த்தினாள், கோயிலிலிருந்து கொண்டு வந்த, தாயத்து வைத்த சின்னக் காப்புப் பையைச் சீட்டுக்கு அடியில் கட்டினாள். வருகிறவர்களுக்கெல்லாம் "தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தானே துணியைத் தூக்கிக் காட்டினாள். ஸ்கூட்டரும் இல்லை, சைக்கிளும் இல்லை. யாவ்-திங் பஸ்ஸில் போனான், நான் மெட்ரோவில் போனேன். மெட்ரோ சுத்தமாக இருக்கும், குளிராக இருக்கும், அங்கே யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, இருட்டு ஜன்னலில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு போவேன். அந்த முகத்துக்கு நாளுக்கு நாள் வயதாகிக்கொண்டிருந்தது.

வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுவது நான்தான். தேநீர்க் கோப்பையோடு கூடத்தில் உட்கார்ந்தால் எதிரே அது நிற்கும். ஒரு காலை சிவப்புத் துணியை ஒதுக்கிவிட்டு, முன்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கி, ஒரு விரலால் சுற்றிவிட்டேன். சுற்றியது. நான் அரைக் கோப்பை குடித்து முடிக்கும்வரை, ஒரு சத்தமும் இல்லாமல், யாருடைய உதவியும் கேட்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்கு அதன் மேல் பொறாமையாக இருந்தது. என்னை விட்டுவிட்டு இவன் ஏறிக்கொள்ள நினைக்கிற இந்தப் பொருளில் அப்படி என்னதான் இருக்கிறது, பார்த்துவிட வேண்டியதுதான் என்று தோன்றியது. முதலில் ஓட்டுகிறவர்களுக்குத்தான் வரும் என்றால் வரட்டும், என்னைப் பிடித்துக்கொண்டு போகட்டும் என்றுகூட நினைத்தேன். அப்படி ஒரு கோபம்.

மறுநாள் விடியும்போது அதைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தி லிஃப்டுக்குள் கொண்டுபோனேன். கீழே தெருமுனைக் கடையில் ஒரு சோற்றுருண்டையும் ஒரு பை சூடான சோயாப் பாலும் வாங்கிய பிறகுதான் தெரிந்தது, இதில் பையை மாட்ட ஒரு கொக்கி இல்லை. கூடை இல்லை. மட்கார்டு இல்லை. நிறுத்தி வைக்க ஸ்டாண்டு இல்லை, எங்கேயாவது சாய்க்க வேண்டும். வேலைக்குப் போகிறவனுக்கு வேண்டிய ஒன்றும் இல்லாத இதை வேலைக்குப் போவதற்கென்று செய்து விற்கிறார்கள். சோற்றுருண்டையைத் தோள்பையில் போட்டு, பால் பையை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு ஏறினேன்.

முதல் இரண்டு தெரு வரைக்கும் அதைத் திட்டிக்கொண்டே போனேன். சீட்டு ஒரு பலகைத் துண்டு. டயர் என் கட்டைவிரல் தடிமன். தார் ரோட்டில் உள்ள ஒவ்வொரு விரிசலும் என் உள்ளங்கையில் பெயர் சொல்லிக்கொண்டு போனது. குனிந்து பிடித்தால் கழுத்து வலித்தது, நிமிர்ந்தால் பிரேக் எட்டவில்லை. ஒரு தரம் பெடலை அழுத்தினால் மூன்று தரம் அழுத்தின தூரம் ஓடியது.

பாலத்தின் ஓரத்துச் சைக்கிள் பாதையில் ஏறி, அந்தப் பக்கம் ஆற்றங்கரைக்கு இறங்கினேன். யாவ்-திங் எனக்கு வரைபடத்தில் காட்டிப் பெருமையடித்துக்கொண்ட வழி அதுதான். அந்த இறக்கத்தில் என்னவோ மாறியது. நான் மிதிப்பதை நிறுத்தினேன், அது நிற்கவில்லை. பின்சக்கரத்திலிருந்து கிர்ர்ர் என்று ஒரு சின்னச் சத்தம் மட்டும் வந்தது, புல்லுக்குள் ஒரு பூச்சி கூடவே பறந்து வருகிற மாதிரி. வெள்ளத் தடுப்புச் சுவருக்கு அந்தப்புறம் நகரம் நின்றுவிட்டது. இந்தப்புறம் ஆறு, ஆற்றின் மேல் ஒரு முழ உயரத்துக்குப் பனி, பனிக்குள் முழங்கால் தெரியாமல் நிற்கிற கொக்குகள்.

காற்று முகத்தில் பட்டது. உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. இத்தனை வருஷமாக எனக்கு வந்த காற்றெல்லாம் அவன் மேல் பட்டு, அவன் சட்டையின் வாசனையோடு, மிச்சமாக வந்த காற்று. நான் பார்த்த ரோடெல்லாம் பக்கவாட்டில் ஓடிய ரோடு. முன்னாலிருந்து ஒரு பாதை வந்து எனக்குள்ளேயே போய்க்கொண்டிருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கழுத்து வலி எப்போது போனது என்று தெரியவில்லை. சைக்கிளும் இல்லை. இரண்டு கை, ஒரு மூச்சு, கீழே நழுவுகிற தரை, அவ்வளவுதான் இருந்தது. ஒரு கிழவர் உடற்பயிற்சிக்காகப் பின்பக்கமாக நடந்து வந்தார், அவர் முதுகு என்னை நோக்கி வந்து, பக்கத்தில் ஒதுங்கி, முகமாக மாறித் தூரத்தில் போனது. தூண்டில்காரர்கள் அசையவில்லை. தலைக்கு மேலே ஒரு பாலம் கடந்தது. அதில் நூற்றுக்கணக்கான ஸ்கூட்டர்கள் இரைந்துகொண்டு போயின. அங்கேதான் நானும் அவனும் போவோம். கீழே எனக்கு அது எங்கோ பெய்கிற மழை மாதிரிதான் கேட்டது.

அழுகை வந்தது. சைக்கிள் பிடித்துப்போய்விட்டது, அதனால்தான். இது இவ்வளவு நன்றாக இருக்கும் என்றால், பின்னால் ஒருத்தியைச் சுமந்துகொண்டு புகைக்குள் போக எவன்தான் ஆசைப்படுவான்? அவனைக் குறை சொல்லக்கூட எனக்கு வழியில்லாமல் செய்துவிட்டது அந்தச் சைக்கிள். கொஞ்ச நேரம் இறங்கி நின்று கொக்குகளைப் பார்த்தேன், மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏய்!"

இந்த மாதத்தில் பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் திரும்பக் கூடாது என்று அத்தை சொல்லிச் சொல்லியே என் கழுத்து இறுகிப்போயிருந்தது. நான் திரும்பவில்லை.

"ஏய்! ஏய்! நில்லு!"

நம்ப மாட்டேன் என்று ஆயிரம் சொல்லலாம். விடியற்காலையில், பனி மூடிய ஆற்றங்கரையில், பேர் சொல்லாமல் ஒரு குரல் துரத்தினால் தெரியும். மிதித்தேன். சைக்கிள் இதற்காகவே காத்திருந்தது போலப் பாய்ந்தது. பின்னால் தகரக் கூடை கடகடவென்று ஆடுகிற சத்தம் நெருங்கியது, நான் இன்னும் அழுத்தினேன். பால் பை இப்படியும் அப்படியும் ஆடி, முன்சக்கரத்துக் கம்பிக்குள் நுழைந்து, பட்டென்று வெடித்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். பின்சக்கரம் எழுந்து, ஒரு கணம் யோசித்து, கீழே இறங்கியது. கால் ஊன்றி நின்றேன். முழங்காலிலிருந்து செருப்பு வரை சூடான சோயாப் பால் வழிந்துகொண்டிருந்தது.

வாடகைச் சைக்கிள் ஒன்று புல்லில் விழுகிற சத்தம் கேட்டது. ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

யாவ்-திங். படுக்கை அரைக்கால்சட்டை, குளியலறைச் செருப்பு. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"எத்தனை தடவை கூப்பிட்டேன்! ஏன் திரும்பல?"

"திரும்பக் கூடாதுன்னு உங்கம்மாதானே சொன்னாங்க. பேர் சொல்லிக் கூப்பிட வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? இந்த மாசத்துல வெளியில பேர் சொன்னா, அது அவங்க காதுல விழுந்து..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"நம்பாதவர் பேசுற பேச்சா இது!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூண்டில்காரர்களில் ஒருவரும் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. கையையும் விடவில்லை.

"விடு, வலிக்குது."

"அன்னிக்கும் இப்படித்தான் புடிச்சேன்," என்றான். "உனக்குத் தெரியாது."

"என்னிக்கு?"

"பாலத்து எறக்கத்துல. மழை நாள். முன் டயர் வழுக்கிடுச்சு. நீ தூங்கிட்டிருந்த, அப்படியே ஒரு பக்கமா சரிஞ்ச. பின்னாடி சிமெண்டு லாரி. ஒரு கையில ஹேண்டில், ஒரு கையில உன் மணிக்கட்டு. லாரிக்காரன் எப்படியோ நிறுத்திட்டான். நீ கண்ணைக்கூடத் திறக்கல. 'வந்தாச்சா'ன்னு கேட்ட."

எனக்கு அப்படி ஒரு நாளே ஞாபகம் இல்லை.

"அதுக்கப்புறம் வண்டியில என்னால பேச முடியல. பேசினா நீ தூங்குறியா முழிச்சிருக்கியான்னு தெரியாது. உன் மூச்சையே கேட்டுட்டு ஓட்டுவேன். தினமும் அந்த லாரி பின்னாடி வரும், வான்-ரூ." பேரைச் சொல்லிவிட்டான். சொன்னது அவனுக்கே தெரியவில்லை.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நீ சிரிச்சுட்டு, அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு மறுநாளும் ஏறி உக்காந்துக்குவ."

அது உண்மை. அப்படித்தான் செய்திருப்பேன்.

"அதனால என்னைத் தூக்கி மெட்ரோல போட்டுட்டு, நீ இந்தப் புல்லுக்குச்சி மேல ஏறிக்கிட்ட. நீ விழுந்தா?"

"நான் விழுந்தா நான் மட்டும்தானே."

இந்தப் பதிலுக்கு ஒரு அடி கொடுத்தால் என்ன என்று தோன்றியது. கொடுத்தேன், தோளில், நன்றாக.

"என்ன நினைச்சுட்டிருந்தேன் தெரியுமா? உனக்கு நான் சலிச்சுப் போயிட்டேன்னு. உங்கம்மா பேயைக் கண்டு பயப்படுறாங்க, நான் இந்த சைக்கிளைக் கண்டு பயந்துட்டிருந்தேன்."

நான் அதோடு விடவில்லை. இத்தனை வருஷமாக நானும் சொல்லாத ஒன்று இருந்தது.

"எனக்கு ராத்திரில தூக்கம் வராது. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே வராது. நீ குறட்டை விட ஆரம்பிச்சா நான் விட்டத்தைப் பாத்துட்டுக் கிடப்பேன். மெட்ரோலயும் வரல. எனக்குத் தூக்கம்னா அது உன் முதுகுலதான். பாலம் ஏறினா வரும், குங்குவான் வந்தா முடிஞ்சிடும். ஒரு நாளைக்கு எனக்கு வாய்ச்ச தூக்கம் அவ்வளவுதான். அதை எடுத்துட்டுத்தான் என்னை மெட்ரோல ஏத்திவிட்ட."

அவன் என் கையை விட்டான். குனிந்து, சக்கரத்திலிருந்து கிழிந்த பையை எடுத்தான், சைக்கிளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு ஏறினான். குளியலறைச் செருப்போடு, தள்ளாடிக்கொண்டு, அந்தப் பாதையில் ஒரு வட்டம் அடித்தான். பாதி வட்டத்தில் அவன் முகம் தளர்ந்தது. அந்தக் கிர்ர்ர் சத்தம் அவன் காதிலும் விழுந்திருக்க வேண்டும். திரும்பி வந்து இறங்கினான்.

"இப்ப ரெண்டு பேரும் ஓட்டியாச்சு. யாரைப் புடிக்கிறதுன்னு அந்த அண்ணன் தம்பிங்களே கொழம்பட்டும்."

வெள்ளச் சுவர் ஓரத்தில் ஒரு சிமெண்டுப் பெஞ்சு இருந்தது. சைக்கிளை அதில் சாய்த்தான். பெஞ்சின் மேல் குறுக்காக, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"வா. லாரி கிடையாது, ரோடு கிடையாது. தூங்கு."

"வேலைக்கு நேரமாச்சு."

"ஆகட்டும்."

உட்கார்ந்தேன். கன்னத்தை வைத்தேன். துரத்திவந்த வியர்வையில் அவன் சட்டை நனைந்திருந்தது, முதுகெலும்புக்குப் பக்கத்தில் இதயம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் பேச ஆரம்பித்தான். பேப்பர் கடையில் ஈரத்தில் ஊறிப்போன ஒரு கட்டைப் பற்றி, சைக்கிள் கடைக்காரன் அவன் காலை அளந்ததைப் பற்றி, வசந்தத்திலிருந்து சேர்த்து வைத்திருந்ததையெல்லாம். சொற்கள் எலும்பு வழியாக வந்தன. நடுவில் எங்கேயோ கொக்குகள் எழுந்து பறந்தன, அல்லது நான் கனவு கண்டேன்.

பாதித் தூக்கத்தில் போன் அடிப்பது கேட்டது. அத்தையாகத்தான் இருக்கும். வீட்டில் சைக்கிளும் இல்லை, மகனும் இல்லை, மருமகளும் இல்லை, அவள் என்னென்னவோ நினைத்துக்கொண்டிருப்பாள். போன் அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. எடுக்க வேண்டுமென்றால் கொஞ்சம் அசைய வேண்டும். அவன் எடுக்கவில்லை.